கடலில் ஐந்து நாள், கரையில் எத்தனை நாள்?

சென்னையில் இருந்து சிங்கப்பூருக்கு விமானம் ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது. கடல் வழியில் தூரம் சுமார் 1,600 கடல் மைல். நேராகச் செல்லும் கப்பல், மணிக்கு 14 கடல் மைல் வேகத்தில் போனாலே ஐந்து நாளுக்குள் கரை தொட்டுவிடும். இத்தனை அருகில் இருக்கும் இரு துறைமுக நகரங்களுக்கு இடையே, கெட்டுப்போகாத சரக்கைக்கூடச் சிறு ஏற்றுமதியாளர்கள் அதிகக் கட்டணம் கொடுத்து விமானத்தில் ஏற்றும் நிலை இருக்கிறது. இதற்குக் கடலைக் குறை சொல்ல முடியாது. கரையில் நிலவும் நிச்சயமின்மையே காரணம். அதை நீக்கும் பொறுப்பு அரசுகளுடையது.

விமானத்தில்தான் போக வேண்டிய சரக்கு உண்டு. காலையில் பறித்த மல்லிகையும் கறிவேப்பிலையும் மறுநாள் சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் விற்றாக வேண்டும். அவசர மருந்தும், ஆலை நின்றுபோகாமல் காக்கும் உதிரிபாகமும் அப்படியே. அவற்றுக்குக் கட்டணம் ஒரு பொருட்டல்ல. ஆனால் பித்தளை விளக்குக்கும், மூங்கில் கூடைக்கும், பருத்திப் போர்வைக்கும், பலசரக்குக்கும் அந்த அவசரம் இல்லை.

கணக்கைப் பார்ப்போம். 60 செ.மீ. நீளம், 50 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம் கொண்ட ஓர் அட்டைப்பெட்டியில் எட்டு கிலோ மூங்கில் கூடைகள் இருப்பதாகக் கொள்வோம். விமானச் சரக்கில், பெட்டியின் கன அளவை (கன செ.மீ.) 6,000 ஆல் வகுத்து வரும் எண்ணை எடையாகக் கொள்வார்கள். அப்படிப் பார்த்தால் அது 20 கிலோ. உண்மை எடை, கணக்கு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். ஆக, எட்டு கிலோ சரக்குக்கு 20 கிலோவின் கட்டணம் கட்ட வேண்டும். இதுபோல எட்டுப் பெட்டிகள் என்றால் 160 கிலோ. அதே எட்டுப் பெட்டிகளும் கப்பலில் ஒரு கன மீட்டருக்குள் அடங்கிவிடும். பலர் சரக்கைச் சேர்த்து ஒரே கன்டெய்னரில் அனுப்பும் எல்சிஎல் முறையில், சரக்கின் கன மீட்டர் அளவு, டன் அளவு இரண்டில் எது அதிகமோ அதுவே கட்டண அளவு. எட்டுப் பெட்டிகளிலும் கூடைக்குப் பதிலாகப் பித்தளையை நிரப்பினாலும், ஒரு டன்னைத் தாண்டாத வரை அதே கட்டணம்தான். சுற்றுச்சூழலுக்கும் இதுவே நல்லது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுசெல்ல, கப்பலைவிட விமானம் பல பத்து மடங்கு அதிகக் கரியமில வாயுவை வெளியிடுகிறது.

இவ்வளவு ஆதாயம் இருந்தும் சிறு வணிகர் தயங்குவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது, மறைந்திருக்கும் கட்டணங்கள். கடல் கட்டணம் என்று சரக்கு முகவர் சொல்லும் தொகை பெரும்பாலும் துறைமுகத்தில் இருந்து துறைமுகம் வரைக்குமானது. கன்டெய்னரைக் கையாளும் கட்டணம், சரக்கைப் பிரித்தெடுக்கும் கிடங்குக் கட்டணம், டெலிவரி ஆர்டர் கட்டணம், தாமதமானால் டெமரேஜ் என்று மற்றவை பின்னால் ஒவ்வொன்றாக வந்து சேரும். கடல் கட்டணத்தை மலிவாகக் காட்டி, சரக்கு போய்ச் சேரும் ஊரில் வாங்குபவரின் தலையில் மீதியைக் கட்டும் வழக்கமும் இத்தொழிலில் இருக்கிறது. மாதம் முழுக்கக் கன்டெய்னர் அனுப்பும் பெரிய நிறுவனம் பேரம் பேசித் தப்பித்துக்கொள்ளும். எட்டுப் பெட்டி அனுப்புபவரால் முடியாது. ஒரு முறை சூடுபட்டவர், அடுத்த முறை கிலோ கணக்கில் தெளிவாகப் பேசும் விமானத்துக்கே போய்விடுகிறார்.

இரண்டாவது, சாலை. குறித்த நேரத்துக்குள் துறைமுகத்துக்குள் நுழையாத கன்டெய்னருக்கு அடுத்த கப்பல் பெரும்பாலும் அடுத்த வாரம்தான். எண்ணூர், திருவொற்றியூர்ச் சாலைகளில் டிரெய்லர் லாரிகள் வரிசைகட்டி நிற்பது சென்னைக்குப் பழகிப்போன காட்சி. இதற்குத் தீர்வாகத் துறைமுகம் - மதுரவாயல் மேம்பாலச் சாலைக்கு 2009இல் அடிக்கல் நாட்டப்பட்டது. கூவம் ஆற்றில் தூண்கள் அமைவதைக் காரணம் காட்டி 2012இல் மாநில அரசு பணியை நிறுத்தியது. ஈரடுக்குச் சாலையாகத் திட்டம் மாற்றப்பட்டு, 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் நாட்டப்பட்டது. சுமார் 20 கிலோமீட்டர் சாலைக்கு 13 ஆண்டு இடைவெளியில் இரண்டு அடிக்கல்கள்! 1,600 கடல் மைலைக் கடப்பதைவிட இந்த 20 கிலோமீட்டர்தான் நமக்குக் கடினமாக இருந்திருக்கிறது.

மறுகரையில், சரக்கு அனுமதிக்கான ஆவணங்கள் அனைத்தையும் ஒரே மின்னணுச் சாளரத்தில் பெறும் ‘டிரேட்நெட்’ முறையைச் சிங்கப்பூர் 1989லேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் சிங்கப்பூர்த் துறைமுகத்திலும் நெரிசல் வரும். செங்கடல் தாக்குதல்களால் கப்பல்கள் பாதை மாறிய 2024ஆம் ஆண்டின் நடுவில், அங்கும் கப்பல்கள் இடத்துக்காகக் காத்துக்கிடந்தன. கடலை நம்ப முடியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவோர் 2020ஐ மறக்கக் கூடாது. விமானச் சரக்கில் கணிசமான பகுதி பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் செல்கிறது. கொரோனாவால் அந்த விமானங்கள் நின்றபோது சரக்கு இடமும் சேர்ந்தே போனது, கட்டணம் எகிறியது. இடர் இரு வழியிலும் உண்டு. ஆனால் கரையில் நிலவும் அன்றாட அலைக்கழிப்பை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

எனவே மூன்று நடவடிக்கைகள் உடனே தேவை. ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் சரக்கைக் கொண்டுசேர்க்கும் முகவர்களைப் பதிவுசெய்யும் அதிகாரம் 1993ஆம் ஆண்டின் பல்வகைச் சரக்குப் போக்குவரத்துச் சட்டத்தின்படி கப்பல் துறைத் தலைமை இயக்குநரகத்திடம் இருக்கிறது. இரு ஊர்க் கட்டணங்களையும் சேர்த்த முழுத் தொகையை, சரக்கை ஏற்கும் முன்பே எழுத்தில் தர வேண்டும் என்பதை அந்தப் பதிவின் நிபந்தனையாக்க வேண்டும். எழுதித் தராத எந்தக் கட்டணமும் செல்லாது என்று அறிவிக்க வேண்டும். அடுத்து, தமிழ்நாடு சிறுதொழில் வளர்ச்சிக் கழகமான சிட்கோ தன் தொழிற்பேட்டைகளில் சிறு உற்பத்தியாளர்களின் சரக்கைச் சேர்த்து வாரந்தோறும் கன்டெய்னர் நிரப்பும் பொதுக் கிடங்குகளைத் திறக்க வேண்டும். மூன்றாவதாக, மதுரவாயல் சாலையை முடிக்கும் தேதியை ஒன்றிய, மாநில அரசுகள் கூட்டாக அறிவித்து, பணி நிலவரத்தை மாதந்தோறும் மக்கள் முன் வைக்க வேண்டும்.

எந்த வழியில் அனுப்புவது என்பதைப் பொருளின் தன்மையும் வணிகரின் கணக்கும் முடிவுசெய்யட்டும். கரையில் என்ன செலவாகும், எத்தனை நாளாகும் என்று தெரியாத அச்சம் அதை முடிவுசெய்யக் கூடாது. கடல் வழியின் ஆதாயம் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமே என்ற நிலையை அரசுகள் இனியும் நீடிக்க விடக் கூடாது.