கல்லறைத் தோட்டமும் ஒரு பாடசாலையே

தீப்பெட்டித் தொழில் கற்கச் சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தாவுக்குப் புறப்படுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே, கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்று, கூடாரமும் மாட்டுவண்டியுமாக வட திருநெல்வேலிக் கிராமங்களில் சஞ்சரித்த தாமஸ் ராக்லண்ட் பாதிரியார், 1858 அக்டோபர் 22 அன்று சிவகாசியிலே காலமானார் என்பதை நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? இத்தகைய சரித்திரத்தைக் கல்லறைகளே சொல்லித்தரும். அதே கல்கத்தாவில், 1767இல் திறக்கப்பட்ட தெற்குப் பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்திற்கு ஜனங்கள் விருப்பத்தோடு சென்று, சமாதி வாசகங்களைப் படித்து, நகரத்தின் சரித்திரத்தை அறிந்து திரும்புகிறார்கள். நாமோ மயானம் என்றாலே விலகி நடக்கிறோம், விலகாதபோது சிமெண்டைப் பூசிவிடுகிறோம். சுண்ணாம்புக் காரையால் எழும்பிய பழஞ்சமாதிக்கு அது பரிபாலனமன்று, ஹிம்சை. ஈரம் வெளியேற வழியின்றி, உள்ளிருக்கும் செங்கல் உப்புப் பூத்து உதிர்ந்துபோகும். சுண்ணாம்புக் காரை அரைக்கும் பக்குவம் அறிந்த முதிய கொத்தனார்களை அழைத்துப் பழுது பார்க்கச் செய்வதும், சாட்சியாபுரத்து மாணவர்களும் விருதுநகர் மாணவர்களும் ஆண்டுக்கொருமுறை நம் ஊர்க் கல்லறைகளுக்கு வந்து தேய்ந்த எழுத்துக்களைப் படியெடுப்பதும் ஆகாத காரியங்களல்ல. அவர்கள் படியெடுக்கும் அந்த ஏட்டிலேயே, வெடிவிபத்துகளில் மாண்ட சிவகாசிப் பட்டாசுத் தொழிலாளரின் பெயர்களும் ஊர்களும் ஏறவேண்டுமென்பது என் பிரார்த்தனை.