திரை இருண்டால் வட்டை அழிக்க வேண்டுமா?

கேரளப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனம் வழங்கும் தொகுப்பு, ஸி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' தொகுப்பு போன்றவற்றால் லினக்ஸ் முறைக் கணிப்பொறிகள் நம் நாட்டில் உபயோகத்துக்கு வந்துள்ளன. இவற்றில் நேரும் தொல்லைகளுள் ஒன்று, யந்திரம் இயங்கியும் திரை இருண்டு கிடப்பது. அல்லது எழுத்துக்கள் அளவு மீறிப் பெருத்துத் தோன்றுவது. உடனே வட்டு முழுவதும் அழிக்கப்பட்டுத் தொகுப்பு மீண்டும் பதிக்கப்படுகிறது. மாணவர் பயிற்சிகளும் மாத அறிக்கைகளும் அதனோடு மறைகின்றன. குற்றம் எங்கிருந்தது என்பது மட்டும் தெரியாமலே போகிறது. இவ்வழக்கம் கைவிடப்பட வேண்டும்.

திரையில் உருவம் தோன்றுவதற்குக் கெர்னல் எனும் உட்கரு, டிரைவர் எனும் இயக்கி, சாளரங்களை வரையும் அமைப்பு, இணைப்புக் கம்பி ஆகிய நான்கும் ஒத்துழைக்க வேண்டும். ஒவ்வொன்றையும் தனித்தனியே சோதிப்பதே விஞ்ஞான முறை.

முதலில் கம்பி. ஒவ்வொரு திரையும் தன் அளவு விவரங்களைக் குறைந்தது 128 பைட் கொண்ட குறிப்பாக வைத்திருக்கிறது. கம்பியோ இடையிலுள்ள மாற்றியோ பழுதானால் அக்குறிப்பு யந்திரத்தை எட்டாது; யந்திரமும் 1024×768 போன்றதொரு பொது அளவுடன் நின்றுவிடும். வகுப்பறைப் புரொஜெக்டரில் இது நேர்ந்தால், வேறொரு குட்டையான கம்பியை மாட்டிப் பார்த்த பின்னரே இயக்கியைக் குறை கூறலாம்.

அடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 விசைகளை ஒருங்கே அழுத்துக. எழுத்துத் திரை தோன்றினால் உட்கரு நலமாக உள்ளது. குற்றம் பெரும்பாலும் சாளர அமைப்பில் இருக்கும். நுழைவுத் திரையில் வேலண்ட், எக்ஸ் என இரு முறைகளும் இருப்பின் மற்றதைத் தேர்ந்து பார்க்கலாம்.

உட்கருவைப் புதுப்பித்த மறுநாளே திரை இருண்டதெனில், தொடக்கப் பட்டியலில் பழைய உட்கருவைத் தேர்க. அதில் திரை ஒளிர்ந்தால், புதிய உட்கருவுக்கு ஏற்ற இயக்கி அமையவில்லை என்பது பெரும்பாலும் தெளிவு. என்விடியா நிறுவனத்தின் இயக்கி தனியே பதிக்கப்படுவது. உட்கரு மாறுந்தோறும் அதற்கேற்பப் புதிதாக அமைக்கப்பட வேண்டும். 'செக்யூர் பூட்' காவல் இயங்கும் யந்திரம், கையொப்பமற்ற இயக்கியை ஏற்காது. 'நோமோட்செட்' என்னும் கட்டளை தற்காலிக ஊன்றுகோலே. அதை நிரந்தரமாக விட்டுவைத்தால் வரைகலைத் திறன் குன்றும்.

இத்தனைக்கும் ஆசிரியருக்கு நேரம் ஏது என்று சிலர் வினவலாம். வட்டை அழித்து மீண்டும் பதிப்பதற்கும், இழந்த அறிக்கைகளை மறுபடி எழுதுவதற்கும் நேரம் வேண்டுமன்றோ?

யந்திரம் வாங்குவோருக்கும் இதில் பொறுப்புண்டு. இன்டெல், ஏஎம்டி வரைகலைச் சில்லுகளுக்கான திறந்த இயக்கிகள் உட்கருவிலேயே அடங்கியுள்ளன. என்விடியா, உட்கருவைச் சார்ந்த பகுதியின் மூலநிரலை 2022 மே மாதத்தில் வெளியிட்டது. எனினும் அதன் மேற்பகுதி இன்றும் மூடியே உள்ளது. விலையையும் வேகத்தையும் கேட்கும் கொள்முதல் படிவம், இயக்கி திறந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு யந்திரத்தின் அருகிலும் ஒரு குறிப்பேடு இருத்தல் நலம். சில்லின் பெயர், உட்கருவின் எண், பழுது கண்ட நாள், பலன் தந்த முறை ஆகியவற்றை அதில் பதிந்து வந்தால், ஒரு பள்ளியில் கண்ட தீர்வு அடுத்த பள்ளிக்கும் உதவும்.