ஆக்கியோன் பெயர்

நூலுக்குப் பாயிரம் உரைப்போர் முதற்கண் ஆக்கியோன் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது நன்னூல் காட்டும் மரபு. பெயரை மாற்றிச் சொன்னால் என்ன கேடு என்று மாணவர்கள் நம்மைக் கேட்பதுண்டு. கடற்பஞ்சுகளைப் பற்றிப் படிக்கையில் அதற்கொரு விடை கிடைத்தது.

கடற்பஞ்சு பாறையைப் பற்றிக்கொண்டு நீரை வடிகட்டி உண்டு வாழும் எளிய விலங்கு. பகைக்கு அஞ்சி ஓடவோ, எதிர்த்துக் கடிக்கவோ அதனால் இயலாது. ஆயினும் கொடிய நஞ்சுகளை ஒத்த சேர்மங்கள் அதன் உடலில் உள்ளன. மனிதர் அவற்றில் மருந்து தேடினர். ஜப்பானிய அறிஞர்கள் ஹிராட்டாவும் உவெமுராவும் 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்து பெற்ற ஹாலிகாண்ட்ரின் பி, 12.5 மில்லிகிராம் மட்டுமே. 1986இல் அதை அவர்கள் வெளியிட்டனர். அதன் அமைப்பை ஒட்டிச் செயற்கையாக உருவாக்கிய எரிபுலின், 2010இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு மருந்தாக ஒப்புதல் பெற்றது. அச்செயற்கை வழி திறவாதிருந்தால் எத்தனை பாறைகளை வழித்தெடுத்திருப்போமோ!

இனி ஆக்கியோனிடம் வருவோம். ஜப்பானியக் கடலில் வாழும் தியோனெல்லா ஸ்வின்ஹோயி என்னும் கடற்பஞ்சு, பலவகை வீரியச் சேர்மங்களுக்குப் பெயர்பெற்றது. 2014இல் யோர்ன் பீல் குழுவினர் வெளியிட்ட ஆய்வு அப்பெருமையை இடம் மாற்றியது. அக்கடற்பஞ்சின் மஞ்சள் வகையில் அறியப்பட்டிருந்த சேர்மங்களுள் ஏறத்தாழ அனைத்தையும் ஆக்குவது, அதனுள் குடியிருக்கும் என்டோதியோனெல்லா என்ற இழைவடிவப் பாக்டீரியா. அதன் மரபணுக்களே அதற்குச் சான்று.

அவ்வாறாயின் கடற்பஞ்சு வெறும் கூடுதானா என்று கேட்பாருண்டு. அன்று. அதைப் புரவலன் என்போம். பாட்டு புலவனுடையதே, எனினும் புரவலனின்றிப் புலவன் பாடுவதில்லை. இத்தகைய பாக்டீரியாக்களுள் மிகப்பல, கடற்பஞ்சை விட்டுப் பிரித்தால் ஆய்வகத்தில் வளர மறுக்கின்றன.

ஆக்கியோனை அறிந்தமையால் ஒரு வழி தென்படுகிறது. மருந்தை ஆக்கும் மரபணுக்களை, எளிதில் வளரும் வேறொரு பாக்டீரியாவுக்கு மாற்றி அதைக்கொண்டு ஆக்குவிக்கலாம். எளிய வேலையன்று, ஆயினும் டன் கணக்கில் கடற்பஞ்சைப் பெயர்த்தெடுப்பதினும் அறமுடைய வேலை. ஆய்வுக்குச் செலவிடும் பணத்தை இவ்வழியில் திருப்புவதே முறை என்பது நம் கருத்து. படிக்கப்படாத கடற்பஞ்சுகள் இன்னும் ஏராளம். அவை அழிந்தால், பெயரே அறியப்படாத ஆக்கியோரும் உடன் அழிவர்.

மாணவர்க்கு நம் விடை இதுதான்: ஆக்கியோனைப் பிழைபடச் சொல்வது ஏட்டுப்பிழையோடு நிற்பதில்லை. மருந்தின் பெயரால் புரவலனையும் புலவனையும் ஒருங்கே கொன்றுவிடுவோம்.