கண்மாய் இல்லாத ஊருக்குப் பெயர் எதற்கு?



மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஊர்ப் பலகைகளைப் படித்துப் பாருங்கள். ஏந்தல், குளம், ஊருணி, சமுத்திரம், மடை... எத்தனை ஊர்ப் பெயர்களில் தண்ணீர் இருக்கிறது! வருஷம் பூராவும் ஆற்றுத் தண்ணி கிடைக்காத சீமை இது. ஐப்பசி, கார்த்திகை மழையைப் பிடித்து வைத்தால்தான் தை மாசம் அறுப்பு. அதனால் கண்மாயை நம்பித்தான் ஊரே உட்கார்ந்தது.

சிவில் படிக்கும் நாம் 'ஸ்லூயிஸ்', 'சர்ப்ளஸ் வியர்' என்று மனப்பாடம் பண்ணுகிறோம். நம்ம தாத்தாவுக்கு அது மடை, கலுங்கு! கலுங்கின் மேல் வரிசையாகக் கல் நட்டிருப்பார்கள். மழை முடியும் நேரத்தில் அந்த இடைவெளியைப் பலகையும் மண்ணும் வைத்து அடைத்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தங்கும். வெள்ளம் வந்தால் எடுத்துவிடலாம். ஒரு கண்மாயின் மிச்சத் தண்ணி அடுத்த கண்மாய்க்குப் போகும். மேலூர்க்காரன் கால்வாயை மறித்தால் கீழூர்க்காரன் பட்டினி! ஆக, ஒற்றுமை என்பது அங்கே மேடைப் பேச்சு இல்லை, வயிற்றுப்பாடு.

இதற்கு அமைப்பும் இருந்தது. முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) 'ஏரி வாரியம்' பற்றிப் பேசுகின்றன. வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையைச் செப்பனிடுவது குடிமராமத்து. கரையில் காவலுக்கு அய்யனார். கோடையில் தண்ணி வத்தினால் மீன்பிடித் திருவிழா. பெரியவர் வெள்ளைத் துண்டை வீசினதும் பக்கத்து ஊர்க்காரரும் சேர்ந்து இறங்குவார்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணி என்று முறை வைத்துப் பாய்ச்சியவர் நீர்க்கட்டி. கூலி, களத்தில் அளக்கும் நெல்.

பெருமை பேசும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. பல ஊர்களில் நீர்க்கட்டிகள் தாழ்த்தப்பட்ட மக்கள். ஊர் வயலுக்கெல்லாம் தண்ணி காட்டிய அவர்களில் பலருக்குச் சொந்தமாக வயல் இல்லை. பழையதைத் திரும்பக் கொண்டு வா என்று நான் கேட்கவில்லை. அந்த அறிவு வேண்டும். அந்த அநீதி வேண்டாம்.

பிறகு போர்வெல் வந்தது. 'நம்ம தண்ணி' போய் 'என் தண்ணி' ஆச்சு! மோட்டார் வைத்தவனுக்குக் கண்மாய் எதற்கு? வரத்துக் கால்வாயில் கருவேலம் முளைத்தது. குடிமராமத்துக்கு ஆள் வரவில்லை. நீர்க்கட்டியின் மகன் திருப்பூருக்கு பஸ் ஏறினான்.

பட்டணத்தின் கதி இன்னும் மோசம். சென்னை தி.நகர் 1920-களில் ஓர் ஏரியைத் தூர்த்து எழுந்தது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' இருக்கிறது. லேக் எங்கே சார்? ஏரி, கால்வாய், சதுப்பு நிலம் எல்லாவற்றிலும் வீடு கட்டிய நகரம், 2015 டிசம்பர் மழையில் என்ன பாடுபட்டது என்று நமக்குத் தெரியும்.

2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே திட்டம் கொண்டு வந்தது. நல்ல காரியம்தான். ஆனால் பொக்லைன் கரையை உயர்த்தும். முதல் மடை யாருக்கு என்ற வழக்கைத் தீர்த்து வைக்குமா?

மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் நண்பர்களே, இது சிவில்காரன் சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மோட்டாரை மாட்டுவது நீங்கள்தானே!

நாளை நம்மில் பலர் ஓவர்சியராகவோ காண்ட்ராக்டராகவோ கிராமத்துக்குப் போவோம். லெவல் எடுக்கும் முன்பு அந்த ஊரில் மிச்சமிருக்கும் நீர்க்கட்டியைத் தேடிப் போங்கள். எந்த மழைக்கு எவ்வளவு பெருகும், கரை எங்கே கசியும், எந்த வயல் மேடு என்று கேளுங்கள். ஃபீல்டு புக்கில் எழுதுங்கள். எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத டேட்டா அது. அவரோடு அது போய்விட்டால், ஊர்ப் பலகையில் பெயர் மட்டும்தான் மிஞ்சும்!

– மூன்றாம் ஆண்டு, சிவில்