குச்சி யார் கையில்?

போன மாதம் எங்கள் மாலைப்பள்ளியில் ஒரு படம் போட்டுக் காட்டினார்கள். வெனிசுவேலாவின் தலைநகர் காரகாஸ். மலைச்சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாகக் குந்தியிருக்கும் செங்கல் வீடுகள். அங்கிருந்து வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண்பிள்ளை இறங்கி வருகிறாள். முதலில் துப்பாக்கிச் சத்தம், அப்புறம் பீத்தோவன். படம் முடிந்தபோது தோழர்கள் சிலருக்குக் கண் கலங்கியிருந்தது. 'நம்ம சேரிப் பிள்ளைங்களுக்கும் இப்படி ஒரு ஆர்கெஸ்ட்ரா வேணும் தோழர். பணம் தர ஒரு தொண்டு நிறுவனம் தயாரா இருக்கு, கண்டக்டரையும் அவங்களே அனுப்பறாங்க' என்றார்கள். கண்டக்டர் என்றால் எனக்கு பஸ்தான் ஞாபகம் வருகிறது. அவரிடமாவது எங்கே இறங்கணும்னு நாம சொல்லலாம்.

எனக்குக் கண் கலங்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எல் சிஸ்டெமா என்ற அந்த அமைப்பை 1975இல் தொடங்கியவர் ஹோசே அந்தோனியோ அப்ரேவு. பொருளாதாரம் படித்தவர், இசை நடத்துனர், பின்னாளில் கலாச்சார அமைச்சர். 2018இல் இறந்தார். முதல் ஒத்திகைக்கு 11 பேர்தான் வந்தார்கள் என்று அவர் சொன்ன கதை உலகம் முழுக்கச் சுற்றியது. இது வெறும் இசைப்பள்ளி அல்ல, ஏழைப் பிள்ளைகளைக் கரையேற்றும் சமூகத் திட்டம் என்று சொல்லித்தான் அரசிடம் பணம் வாங்கினார். ஆட்சிகள் மாறிக்கொண்டே இருந்தன. பணம் மட்டும் நிற்கவில்லை. சாவேஸ் காலத்தில் இது குடியரசுத் தலைவர் அலுவலகத்தின் கீழேயே வந்து சேர்ந்தது.

லட்சக்கணக்கான பிள்ளைகள் காசில்லாமல் வாத்தியம் கற்றார்கள். அதை மறுத்தால் எனக்கு நாக்கு அழுகும். வயலின் மயிலாப்பூர் சபாக்காரர்களின் பரம்பரைச் சொத்து அல்ல. சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மானின் அறக்கட்டளை நடத்தும் சன்ஷைன் ஆர்கெஸ்ட்ராவில் வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகள் மேற்கத்திய இசை கற்கிறார்கள் என்றால் எனக்குச் சந்தோஷம்தான். என் சண்டை வயலினோடு அல்ல.

முதலில் அந்த 'ஏழை'க் கணக்கு. வெனிசுவேலாவில் 2012-13இல் சுமார் 2,900 பிள்ளைகளை வைத்து அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கியின் ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வு செய்து, 2017இல் வெளியிட்டார்கள். அந்த மாநிலங்களில் வறுமை 46.5 சதவீதம். இசைப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளிடையே வறுமை 16.7 சதவீதம். அதாவது சேரியின் பெயரைச் சொல்லி நடந்த பந்தியில் சேரிக்கு ஓரத்து இலை. பிள்ளைகளின் சுயகட்டுப்பாடு கொஞ்சம் கூடியது என்றும் அதே ஆய்வு சொல்கிறது. அதையும் சொல்லிவிடுகிறேன், மறைத்தேன் என்று பேர் வேண்டாம்.

இப்போது குச்சிக்கு வருவோம். ஆர்கெஸ்ட்ராவே ஒரு லட்சியச் சமுதாயத்தின் மாதிரி என்பது அப்ரேவுவின் வாதம். அதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நூறு பேர் உட்கார்ந்திருக்க, ஒருத்தர் மட்டும் மேடைமேல் ஒரு மேடை போட்டு நிற்கிறார். முதல் வயலின், அதற்குக் கீழே இரண்டாம் வயலின், முன்வரிசை, பின்வரிசை. எதை வாசிப்பது, எவ்வளவு வேகம், யார் எப்போது வாயை மூடணும் எல்லாம் அவர் கையில். மேடையில் இருக்கிற குச்சிகளிலேயே சத்தமே போடாத குச்சி அது ஒன்றுதான். பறையடிக்கிற இடத்திலும் முன்னே நின்று அடியைச் சொல்லிக்கொடுக்கிற ஒருவர் உண்டு. ஆனால் அவரும் அடிக்கிறார். அவர் கையிலும் சிண்டும் அடிக்குச்சியும் இருக்கின்றன. தப்பா அடிச்சா ஊருக்கே கேட்கும்.

அப்ரேவுவை அவருடைய நாட்டில் மாஸ்ட்ரோ என்றார்கள். எதிர்த்துப் பேசியவர் குறைவு. அரசியலில் பக்தி சீரழிவுக்கும் சர்வாதிகாரத்துக்கும் இட்டுச்செல்லும் என்று 1949 நவம்பர் 25இல் அரசியல் நிர்ணய சபையில் பாபாசாகேப் எச்சரித்தார். அதை இசையில் மட்டும் ஏன் விட்டுவைக்கணும்? 2021இல் அந்த அமைப்பின் முன்னாள் மாணவிகள், தங்கள் ஆசிரியர்கள் மீது பாலியல் சுரண்டல் குற்றச்சாட்டுகளைப் பொதுவெளியில் வைத்தார்கள். சிறுவயதில் நடந்ததைச் சொல்ல அவர்களுக்கு எத்தனை வருஷம் ஆகியிருக்கிறது! குருவின் முகத்தைப் பார்த்தே மூச்சுவிடப் பழக்கப்பட்ட பிள்ளை யாரிடம் போய்ச் சொல்லும்?

அப்ரேவுவின் சீடர் குஸ்தாவோ டுடாமெல். படத்தில் சுருட்டைமுடியோடு துள்ளினாரே, அவர்தான். 2009இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஃபில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநரானார். அப்பா சல்சா குழுவில் ட்ரொம்போன் ஊதியவர். பையன் சேரிப் புழுதியில் கிடந்து எடுக்கப்பட்டவன் அல்ல, வீட்டிலேயே இசை இருந்தது. 2014இல் தெருவில் போராட்டம் நடந்தபோது அவர் வாய் திறக்கவில்லை. அவர் நாட்டு இசைக்கலைஞர்களே கேள்வி கேட்டார்கள். 2017 மே மாதம் அந்த அமைப்பில் வயோலா வாசித்து வளர்ந்த பையன் ஒருவன் போராட்டத்தில் கொல்லப்பட்டான். அப்போதுதான் டுடாமெல் போதும் என்று எழுதினார். எழுதியது நல்லது, காலம் கடந்தாவது. உடனே என்ன ஆனது? ஆகஸ்டில் தேசிய இளைஞர் ஆர்கெஸ்ட்ராவின் அமெரிக்கப் பயணத்தை மதுரோ அரசு ரத்து செய்தது. மௌனமாக இருந்தவர் அவர், பேசியவர் அவர், வீட்டில் உட்கார்ந்தது பிள்ளைகள். அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்க அந்த அமைப்பில் ஒரு வழி இருந்ததா? 2021 நவம்பரில் 8,573 பேரைக் காரகாஸ் ராணுவக் கல்லூரி வளாகத்தில் உட்காரவைத்து சைகோவ்ஸ்கியை வாசிக்க வைத்தார்கள். கின்னஸ் சாதனை. இடத்தைப் பார்த்தீர்களா, ராணுவக் கல்லூரி!

படம் காட்டாத ஒரு இடத்தைச் சொல்கிறேன். காரகாஸுக்குக் கிழக்கே பார்லோவென்டோ. கொக்கோத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்காவிலிருந்து இழுத்துவரப்பட்ட அடிமைகளின் பேரப்பிள்ளைகள் வாழும் மண். வெனிசுவேலாவில் அடிமைமுறை ஒழிந்தது 1854இல். அங்கே ஜூன் 24, திருமுழுக்கு யோவான் திருநாளில், மினா என்ற நீண்ட முரசைச் சாய்த்து வைக்கிறார்கள். தோலை ஒருவர் அடிக்க, அதே முரசின் மர உடம்பைச் சுற்றி மற்றவர்கள் குச்சிகளால் அடிக்கிறார்கள். ஒரே முரசு, பல கை. அந்த ஏழைப் பிள்ளைகளுக்கு இசை இல்லாமல் இருந்தது, மேலேயிருந்து ஒருவர் கொண்டுவந்து கொடுத்தார் என்ற கதையை அந்த முரசின் முன்னால் நின்று சொல்ல முடியுமா? நாட்டு இசைக்கென்று எல் சிஸ்டெமாவே பின்னாளில் ஒரு பிரிவு தொடங்கியது, சரி. ஆனால் 2007இல் லண்டனில் கொடி நிற ஜாக்கெட் போட்டு ஆடிப்பாடிப் பிள்ளைகள் உலகப்புகழ் பெற்றது எதை வாசித்து? பெர்ன்ஸ்டைன் எழுதிய மாம்போ. கறுப்பர்களின் தாளம் கியூபாவிலிருந்து நியூயார்க் போய், கோட்டுப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தால்தான் மேடை.

நடத்துனர் இல்லாமல் ஆர்கெஸ்ட்ரா எப்படி என்று ஒரு தோழர் கேட்டார். மாஸ்கோவில் 1922இலிருந்து பத்து வருஷம் பெர்சிம்ஃபான்ஸ் என்ற குழு நடத்துனரே இல்லாமல் பெரிய சிம்ஃபனிகளை வாசித்தது. ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கும்படி வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒத்திகையில் சண்டைபோட்டு முடிவெடுத்தார்கள். நேரம் நிறையத்தான் பிடிக்கும். நம்ம கூட்டம் மட்டும் சீக்கிரம் முடியுதா என்ன?

வயலின் வரட்டும். சொல்லிக்கொடுக்க ஆளும் வரட்டும், கூலி வாங்கிக்கொண்டு. எதை வாசிப்பது, யார் வருவது, சொல்லிக்கொடுப்பவர் சரியில்லை என்றால் யார் அனுப்புவது என்பதைப் பிள்ளைகளும் பெற்றவர்களும் உட்கார்ந்து முடிவு செய்யணும். நிறுவனம் அனுப்பிய ஒப்பந்தத் தாளை நான் வாங்கிப் படித்தேன். நாலு பக்கம். 'பயனாளிகள்' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது, 'பறை' ஒரு இடத்தில்கூட இல்லை.

ஞாயிறு சாயங்காலக் கூட்டத்துக்கு நான் வருகிறேன். பிள்ளைங்களையும் கூப்பிடுங்க. போன தடவை அவங்களைப் படம் பார்க்க மட்டும் உட்காரவெச்சிட்டு, பேச்சு ஆரம்பிச்சதும் வெளியே அனுப்பிட்டீங்க.