மாசமா இருக்கும்போது ஆஸ்பிரின் எதற்கு?

``நெஞ்சுவலிக்காரங்க போடுற மாத்திரையை மாசமா இருக்கிற பொண்ணுக்கு எதுக்குக் கொடுக்கிறாங்க?'' - வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் நியாயமான சந்தேகம்தான்.

கர்ப்பத்தின்போது, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுபோகும் கர்ப்பப்பை ரத்தக்குழாய்கள் நன்றாக விரிய வேண்டும். சிலருக்கு அவை குறுகலாகவே இருந்துவிடும். அப்போது, `காக்ஸ்' என்ற நொதியின் உதவியால் ரத்தத் தட்டணுக்களில் உருவாகும் த்ராம்பாக்ஸேனின் கை ஓங்கும். இது குழாயைச் சுருக்கும், ரத்தத்தை உறையவைக்கும். குழந்தையின் வளர்ச்சி குறையலாம். 20 வாரத்துக்குப் பிறகு தாய்க்கு ரத்த அழுத்தம் எகிறும். இதுதான் ப்ரீஎக்ளாம்ப்சியா. முற்றினால் வலிப்பு வரை போகும்.

குறைந்த அளவு ஆஸ்பிரின், அந்த நொதியை முடக்குகிறது. 2017-ல் வெளியான `ஆஸ்ப்ரே' ஆய்வில், ஆபத்து அதிகமுள்ள கர்ப்பிணிகளுக்கு 11-14 வாரத்தில் தொடங்கி 36 வாரம் வரை, தினமும் இரவில் 150 மி.கி கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் பிரசவமாகும் அளவுக்கு இந்தப் பிரச்னை வந்தவர்கள், டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 4.3 சதவிகிதம், ஆஸ்பிரின் சாப்பிட்டவர்களில் 1.6 சதவிகிதம்தான்.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. டாக்டர் சொல்லாமல் போடவும் கூடாது. அவர் கொடுத்ததை நீங்களாக நிறுத்தவும் கூடாது. விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, திடீர் முகவீக்கம் இருந்தால், `மாசமா இருந்தா அப்படித்தான்' என்று காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போய் பி.பி பாருங்கள்!