ஆகாய கங்கைப் படிகளுக்கும் ஓர் அளவு வேண்டும்

பெரு நாட்டில் மாச்சு பிச்சு இடிபாடுகளை ஒட்டிச் செங்குத்தாக நிற்கும் உவைனா பிச்சு மலையில் ஏற விரும்புகிறவர், ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே சீட்டு வாங்கியிருக்க வேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு பேருக்குத்தான் அனுமதி; அவர்களும் சீட்டில் குறித்த நேரத்தில்தான் ஏறலாம். அந்த இடிபாடுகளுக்கு நடந்தே போகும் இன்கா பாதையில் வழிகாட்டிகள், சுமை தூக்குவோர் உட்பட நாளொன்றுக்கு 500 பேர்தான். பிப்ரவரி மாதம் பராமரிப்புக்காகப் பாதையையே மூடிவிடுகிறார்கள். நாமோ காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டிவிட்டால் கொல்லிமலைப் பயணத்தின் கஷ்டம் தீர்ந்தது என்று எண்ணிக்கொள்கிறோம். கஷ்டம் இருப்பது அரப்பளீஸ்வரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவிக்கு இறங்கும் படிகளில். அங்கே ஒரே நேரத்தில் எத்தனை பேர் இறங்கலாம் என்று வரம்பு வைத்து, நேரம் குறித்துச் சீட்டு தர வேண்டும்.

மற்ற மலைகளில் ஏற்றம் முதலில் வரும். மூச்சு வாங்கினால் பாதியில் திரும்பிவிடலாம். இங்கே எல்லாம் தலைகீழ். ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் இறங்கும்போது கால் தன் கஷ்டத்தைச் சொல்லாது. சுமார் 300 அடி உயர அருவியில் நனைந்து, பசியெடுத்து, ஈரத்துணியோடு திரும்பும்போதுதான் முழங்காலும் நெஞ்சும் பேசத் தொடங்குகின்றன. அந்த நேரம் பார்த்து எதிரே கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தால், மயங்கி விழுந்தவரைத் தூக்கிவருவதும் அதே படிகளில்தான். தண்ணீரின் கதை இன்னும் மோசம். இந்த அருவியாக விழும் ஐயாற்றுக்கு நீர் தருவது மேலே பரந்து கிடக்கும் மலைநாடு. அங்கே பெய்யும் மழை பள்ளத்தில் குளிப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. வெள்ளம் வந்தால் வனத்துறை குளிக்கத் தடை போடுகிறது, நல்லதுதான். ஆனால், அந்த நேரத்தில் கீழே எத்தனை பேர் இருக்கிறார்கள்? கட்டணம் வாங்கினால் போனவர் கணக்கு கிடைக்கும். திரும்பியவர் கணக்கும் இருந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

சாமி கும்பிடப் போகிறவர்களைத் தடுப்பதா என்று கேட்பார்கள். கோயில் படிகளுக்கு மேலே இருக்கிறது. அதற்கு எந்த வரம்பும் வேண்டாம். மலையாளிப் பழங்குடி மக்களுக்கும் வேண்டாம், அது அவர்கள் மண். அரசு வல்வில் ஓரி விழா நடத்தும் ஆடி 17, 18 நாட்களில் அருவியில் நீராடிவிட்டு வணங்க வருகிறவர்கள் அதிகம். அன்றைக்கு விடியற்காலையிலேயே திறந்து, தொகுதி தொகுதியாக அனுப்பலாம். வரம்பைத் தூக்கிவிடுவது மட்டும் கூடாது. மிளகும் பலாவும் விற்பவர்களின் பிழைப்பு என்னாகும் என்ற கேள்விதான் கனமானது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் கொஞ்சம் குறையும், மறுப்பதற்கில்லை. இடம் கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினர் வார நாட்களில் வருவார்கள், சிலர் மலைமேல் உள்ள செம்மேட்டில் ஓர் இரவு தங்குவார்கள். படிகளில் வழிநடத்தும் வேலையை மலையிலுள்ள இளைஞர்களுக்கே கொடுத்தால் அதுவும் ஒரு வருமானம். 2024இல் தமிழ்நாடு அரசு 40 மலையேற்றப் பாதைகளுக்குக் கொண்டுவந்த திட்டத்தில் இந்த ஏற்பாடு இருக்கிறது. 2018இல் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேர் இறந்த பிறகுதான் மலையேற்றத்துக்கு முறையான விதிகளே வந்தன என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். கொல்லிமலையும் அப்படி ஒரு காரணத்துக்காகக் காத்திருக்க வேண்டுமா?

முன்பதிவு என்றாலே இணையம், தரகர், ‘இடமில்லை’ என்ற பதில் என்று சலித்துக்கொள்பவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. 2024 ஜனவரியில் மாச்சு பிச்சுவுக்கான சீட்டு விற்பனையைத் தனியார் இணையத்தளத்திடம் கொடுத்தபோது, உள்ளூர் மக்கள் ரயில் பாதையை மறித்துப் போராடினார்கள். ஆகவே சீட்டில் கணிசமான பங்கை நேரில் வருகிறவர்களுக்கென ஒதுக்கி, காரவள்ளியிலும் முள்ளுக்குறிச்சியிலும் அடிவாரத்திலேயே வனத்துறையே கொடுக்க வேண்டும். அன்றைய இடங்கள் தீர்ந்துவிட்டால் வளைவுகள் ஏறும் முன்பே அது தெரிந்துவிடும். அப்போதும் மேலே போகத் தடையில்லை: மாசிலா அருவியில் குளிக்கலாம், எட்டுக்கை அம்மனை வணங்கலாம், மறுநாள் காலைக்கு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.